எங்கள் கிணறும் நம் கிணறும்

சோமாலி பாஷையிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு இருபது வருஷங்களுக்கு மேல் கழித்துவிட்ட என்னிடம், அந்தத் தொழிலில் மிகவும் கடினமானது எது என்று கேட்கிறவர்கள், கவிதை என்ற பதிலையே எதிர்பார்க்கிறார்கள். சோமாலியர் கவிதையிலேயே பிறந்து கவிதையிலேயே வளர்கிறவர்கள் என்ற பிரசித்தி எங்கும் இருப்பதனால் அந்த எதிர்பார்ப்பு நியாயமானதுதான். ஆனால் என்னிடம் வந்த காகிதங்களில் கவிதை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. வந்தவையெல்லாம் சித்தியும் மாமாவும், ஆடும் ஒட்டகமும், ஈரலும் வயிற்று வலியும், முந்தாநாள் சாயங்காலமும் நேற்று ராத்திரியும், கிணறும்தான். ஒரு மகாகவியின் வாக்கை மொழிபெயர்க்கப் புகுந்து தோற்றவனுக்குத் தோல்வியிலும் ஒரு கௌரவம் உண்டு. 'சித்தி' என்ற வார்த்தையில் தோற்றவனை யார் மதிக்கப் போகிறார்கள்? நான் அந்த வார்த்தையில்தான் தோற்றேன்.

1993-ஆம் வருஷம் நான் நைரோபிக்குப் போனது மொழிபெயர்ப்பதற்காக அல்ல. ஈஸ்ட்லீ என்ற பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுதுவதற்காக. இந்தியர்களும் சோமாலியர்களும் வெகு காலமாக அடுத்தடுத்துக் குடியிருந்த இடம் அது. 1991 ஜனவரியில் மொகதிஷுவில் அரசாங்கம் கவிழ்ந்து, ஜனங்கள் திசைக்கொருவராகச் சிதறியபோது, எல்லையைக் கடந்து வந்த சோமாலிய வியாபாரிகள் அங்கிருந்த தங்கும் விடுதிகளின் அறைகளையே கடைகளாக மாற்றி, கட்டிலின் மேல் துணிகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு காலையில் பேரம் பேசியும், மாலையில் ஏலக்காயும் இலவங்கப்பட்டையும் மணக்கும் அவர்களுடைய 'ஷா'வைக் குடித்தும், மூன்று நான்கு வருஷங்களில் பாஷை எனக்கு வசமாயிற்று. அகதிகளுக்காக வாதாடிய ஒரு வக்கீல் ஒரு நாள் அவசரத்துக்கு என்னை அழைத்தார். அந்த அவசரம் தீரவே இல்லை.

வெகு நாள் வரையில் நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சோமாலி வார்த்தை காதில் விழுந்தவுடன் என் மனத்தில் முதலில் எழுந்தது தமிழ் வார்த்தை. இங்கிலீஷ் அதன் பிறகே, வாடகை வண்டிபோல, கூப்பிட்டால்தான் வந்தது. என் மேஜையில் சம்பளம் பெற்ற பாஷைகள் இரண்டு. மூன்றாவதான ஒன்று சம்பளமில்லாமல் நடுவே உட்கார்ந்து, பாதி நாள் எனக்கு உபகாரமும் மீதி நாள் உபத்திரவமும் செய்துகொண்டிருந்தது.

முதலில் சோமாலியின் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரபு எழுத்தா, 1920-களின் தொடக்கத்தில் உஸ்மான் யூசுப் கெனதித் என்பவர் புதிதாக அமைத்துத் தந்த உஸ்மானியா எழுத்தா, லத்தீன் எழுத்தா என்று வெகு காலம் தர்க்கம் நடந்த பிறகு, 1972 அக்டோபர் 21-ந் தேதி லத்தீன் எழுத்துத்தான் என்று அறிவித்தார்கள். மேலே புள்ளியும் கீழே கோடும் இல்லாமல், சாதாரணத் தட்டச்சு யந்திரத்தில் உள்ளதைக் கொண்டே காரியம் நடக்க வேண்டுமென்ற சிக்கன புத்தியோடு, தங்களுக்கு வேறு உபயோகமில்லாத 'எக்ஸ்' என்ற எழுத்தைத் தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ஹகாரத்துக்கும், 'சி' என்ற எழுத்தை அரபியில் 'ஐன்' என்கிற ஒலிக்கும் கொடுத்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப்படி எழுதிய காகிதம் இங்கிலீஷ் காரியாலயத்துக்குள் நுழைந்தவுடன் அலி என்ற மனிதர் 'காலி' ஆகிவிடுகிறார். ஹஸன் என்பவரின் பெயரை வாசிக்க முயன்ற குமாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

பிற்பாடு, வடக்கே ஹர்கேசா என்ற ஊரில் நான் வேலை பார்த்தபோது, ஒரு பயிற்சி முகாமின் காலை ஆகாரச் செலவுப் பட்டியல் தணிக்கைக்காகக் கடல் கடந்து போயிற்று. மதுவே தலைகாட்டக் கூடாத முஸ்லிம் ஊரில் தொடர்ந்து பதினெட்டு நாள் காலை வேளையில் பீர் வாங்கிக் கொடுத்ததற்கு யார் அனுமதி தந்தார்கள் என்று கேட்டு, மிகவும் மரியாதையான பாஷையில் ஒரு கடிதம் வந்தது. சோமாலியில் 'பேர்' என்றால் ஈரல். இங்கிலீஷில் பீருக்கு எழுதும் அதே நான்கு எழுத்துக்கள். ஆப்பத்தைப்போல் ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டுக் கண் கண்ணாக எடுக்கும் 'லஹோஹ்' என்ற பலகாரத்தோடு வதக்கிய ஈரலைத் தின்பது அவ்வூரில் காலை வழக்கம். அதே 'பேர்' தோட்டத்துக்கும் பெயர். ஆண்பாலாகக் கொண்டு 'பேர்க' என்றால் அந்த ஈரல், பெண்பாலாகக் கொண்டு 'பேர்த' என்றால் அந்தத் தோட்டம். இவ்வளவையும் விளக்கி நான் எழுதிய பதிலுக்கு, "ஆட்டு ஈரல் என்றே எழுதியிருக்கலாமே" என்று ஒரு வரி பதில் வந்தது. உண்மைதான்.

இனி உறவுக்கு வருகிறேன். தகப்பனாரின் சகோதரன் 'அதேர்'. தாயாரின் சகோதரன் 'அப்தி'. தகப்பனாரின் சகோதரி 'ஏத்தோ'. தாயாரின் சகோதரி 'ஹபர்யர்'. இந்த நான்கையும் முதல் முதலாகக் கேட்ட அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கிலீஷ் ஒன்றே அறிந்த ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சித்தப்பா, மாமா, அத்தை, சின்னம்மா என்று என் வீட்டுக் கூடமே அங்கு வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. இங்கிலீஷிலோ நால்வருக்கும் சேர்த்து அங்கிள், ஆன்ட்டி என்ற இரண்டே நாற்காலிகள். ஆகையால் ஒவ்வொரு தடவையும் "தாயின் சகோதரி", "தந்தையின் சகோதரன்" என்று விஸ்தரித்து எழுதுவது என்ற நியமத்தை நான் ஏற்படுத்திக்கொண்டேன். அந்த விஸ்தரிப்பில்தான் தமிழ் என் காலை வாரிவிட்டது.

ஒரு பெண், தாயை இழந்தவள், தன்னை வளர்த்த ஹபர்யரையும் அவளுடைய குழந்தைகளையும் தன்னோடு குடியேற அனுமதிக்கும்படி ஒரு வெளிதேசத்துக்கு விண்ணப்பம் செய்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'ஹபர்' என்றால் மூத்தவள், தாய். 'யர்' என்றால் சிறிய. சின்னம்மா என்ற வார்த்தைக்கு அச்சு வார்த்ததுபோல அது இருந்ததனால், ஒரு கணமும் யோசியாமல், "தாயின் தங்கை" என்று இங்கிலீஷில் எழுதிவிட்டேன். விண்ணப்பத்தின் வேறொரு பக்கத்தில் குடும்பத்தாரின் வயதுகள் இருந்தன. அதன்படி அந்தத் 'தங்கை' அக்காவைவிட ஆறு வயது மூத்தவள். உத்தியோகஸ்தர் அந்த இரண்டு பக்கங்களையும் ஒத்துப் பார்த்து, விண்ணப்பதாரிக்குத் தன்னை வளர்த்தவளைப் பற்றிய சாதாரண விவரமே தெரியவில்லையாதலால் உறவு சந்தேகத்துக்குரியது என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

பெரியம்மாவையும் சின்னம்மாவையும் வேறு பிரிப்பது நம்முடைய வழக்கம். சோமாலியருக்கு அந்தப் பிரிவு இல்லை. தாயின் உடன்பிறந்தாள் மூத்தவளானாலும் இளையவளானாலும் ஹபர்யரே. அதேரிலும் பெரியப்பா சித்தப்பா என்ற பேதம் கிடையாது. 'யர்' என்ற அசை வயதைச் சொல்ல வரவில்லை. தாய்க்கு அடுத்த தாய் என்றுதான் சொல்லுகிறது. பிழை முழுவதும் என்னுடையது என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டேன். ஏழு மாதம் பிந்தியது காரியம். அந்தப் பெண் கோபிக்கவில்லை, "நான் ஹபர்யர் என்றுதானே சொன்னேன், வயதை நீங்களாகவா போட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். கோபித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அது முதல் தமிழை நான் சாட்சியாக அழைப்பேனே ஒழிய நீதிபதியாக உட்கார வைப்பதில்லை. ஆனாலும் அதன் உபகாரத்தை மறுக்க மாட்டேன். மகனைப் பார்த்து, "ஹோயோ, வெளியே போகாதே" என்று ஒரு தாய் சொன்னதாக வாக்குமூலத்தில் வருகிறது. ஹோயோ என்றால் அம்மா. எனக்கு முன் அதை மொழிபெயர்த்தவர், "அம்மா, வெளியே போகாதே என்று மகனிடம் சொன்னாள்" என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார். அறையில் பாட்டி ஒருத்தியும் இருந்தாளா என்று வக்கீல் கேட்டார். மகளை "வாம்மா" என்றும் மகனை "என்னப்பா" என்றும் கூப்பிட்டுப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆயினும் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நாம் கேட்கிற குழந்தைக்கு ஏற்றபடி அம்மா என்றும் அப்பா என்றும் மாற்றுகிறோம். சோமாலியரோ, சொல்லுகிறவர் தம்முடைய ஸ்தானத்தையே குழந்தைக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். தாய் மகனையும் மகளையும் ஹோயோ என்பாள். தகப்பன் இருவரையும் 'ஆபெ' என்பான். தெருவில் போகும் கிழவர் முன்பின் அறியாத பையனை 'அதேர்' என்று அழைத்து வழி கேட்பார், பையனும் அதேர் என்றே பதில் சொல்லுவான். இங்கிலீஷில் நான் "மகனே" என்று எழுதினேன். அதில் அந்தத் தாய் இல்லை. அதைவிட நல்ல வழி இன்று வரையில் எனக்குத் தோன்றவும் இல்லை.

தமிழ் செய்த இன்னொரு விஷமம். சோமாலியில் 'ல' என்று ஓரசைச் சொல் உண்டு. காரியம் நடந்தது, செய்தவர் யாரென்பது பேச்சில்லை என்று காட்டுவது. "அடித்துவிட்டார்கள்", "கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று நாம் ஆளைக் குறிப்பிடாமல் சொல்லுவதில்லையா, அதைப்போல. அந்தப் பழக்கத்திலேயே நான் ஆரம்ப காலத்தில் இங்கிலீஷில் "அவர்கள்" என்று எழுதி வந்தேன். தமிழில் அந்தப் பன்மை விகுதி யாரையும் சுட்டாது; இங்கிலீஷில் அது சுட்டும். "அவர்கள் எத்தனை பேர்? என்ன உடை?" என்று அடுத்த கேள்வி பிறந்துவிடும். சாட்சி சொல்லாத ஒரு கும்பலை நானே வாக்குமூலத்துக்குள் அழைத்து வந்து நிறுத்திவிட்டேன் என்று உணர்ந்தபோது, முடிந்துபோன பழைய கட்டுக்களையெல்லாம் எடுத்துப் புரட்டினேன். அந்த இரவுகள் நினைக்க இனிமையானவை அல்ல.

ஹர்கேசாவுக்குப் போன பிறகு மனிதர்களைவிட மிருகங்களே எனக்கு அதிக வேலை கொடுத்தன. மழை தவறிய வருஷங்களில் மேய்ச்சல்காரர்களைக் கண்டு பேசி, கால்நடைகளின் நிலையை இங்கிலீஷில் அறிக்கையாக எழுதுவது அப்போதைய உத்தியோகம். செம்மறியும் வெள்ளாடும் கலந்த மந்தைக்கு வடக்கே 'அடி' என்றும் தெற்கே 'அரி' என்றும் பெயர். இங்கிலீஷில் இரண்டையும் அடக்கும் ஒரு வார்த்தை இல்லாததால், தர்ம ஸ்தாபனங்களின் அறிக்கைகளில் ஷீப்பின் தலையையும் கோட்டின் வாலையும் வெட்டி ஒட்டி 'ஷோட்' என்று ஒரு விசித்திரப் பிராணியைச் சிருஷ்டித்திருக்கிறார்கள். அதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். 'ஆடு' என்ற இரண்டெழுத்து நாக்கு நுனியில் நிற்கிறது. அதை வாங்கிக்கொள்ள அங்கு ஆளில்லை. அடிக்கும் ஆட்டுக்கும் உள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானது. அதன்மேல் மொழிநூல் கட்ட முற்படுவோர் என்னை மன்னிக்க.

'ஹோலோ' என்ற சொல் அதனினும் ஆபத்தானது. கால்நடைக்கும் அதுவே, சொத்துக்கும் அதுவே. மாடு என்ற சொல்லைச் செல்வம் என்ற பொருளில் வழங்கிய பழந்தமிழரின் சந்ததிக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் மொகதிஷுவில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் தம்முடைய ஹோலோவைக் கொள்ளையடித்தார்கள் என்று சொன்னதைக் "கால்நடை" என்று எழுதிவிட்டால், பட்டணத்து மருந்துக்கடைக்காரருக்கு மந்தை ஏது என்று கேட்க மாட்டார்களா? இந்தப் பிழையை நான் செய்யவில்லை. செய்தவரின் காகிதத்தைத் திருத்தினேன். என் பிழைகளையே சொல்லிக்கொண்டு போவதில் எனக்கும் ஓர் இளைப்பாறல் வேண்டும்.

ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் கட்டுரை அதோடு முடிந்துவிடும். மந்தை முழுவதற்கும் 'கேல்', பெண் ஒட்டகம் 'ஹல்', பொதி சுமக்கும் ஆண் 'அவ்ர்', இனவிருத்திக்கென்று விட்ட ஆண் 'பார்கப்', கன்று 'நிரிக்', இன்னும் ஈனாத இளம் பெண் 'காலின்', கறவையில் இருப்பது 'இர்மான்'. எத்தனை ஒட்டகம் என்று கேட்கும் அறிக்கைக்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை. ஆனால் இர்மான் எத்தனை என்று தெரியாதவனுக்கு அந்தக் குடும்பம் அடுத்த மாதம் பட்டினி கிடக்குமா கிடக்காதா என்பது தெரியாது. இங்கிலீஷ்காரர் வார்த்தை வறியவர் என்றும் சொல்லக் கூடாது. குதிரையைப் பற்றிக் கேளுங்கள்: மேர், ஸ்டாலியன், ஃபோல், ஃபில்லி, கோல்ட் என்று அவர் சளைக்காமல் அடுக்குவார். பசுவின் கிடாரிக்கு உரிய 'ஹெஃபர்' என்ற அவருடைய வார்த்தையையே கடன் வாங்கி, காலினுக்கு 'ஹெஃபர் ஒட்டகம்' என்று எழுதும் வழக்கம் இருந்தது. நானும் அப்படியே எழுதினேன். கடன் வாங்கினாலும் அடுத்த தொழுவத்திலேயே வாங்கினேன் என்று ஒரு திருப்தி.

பெயர்ச் சொற்களுக்காவது அகராதி உண்டு. ஏப்ரகாம் என்பவரின் சோமாலி அகராதி 1960-களில் வெளிவந்தது. 1972-க்கு முந்திய அவருடைய சொந்த எழுத்து முறையில் அச்சானதாகையால், தேடுகிற வார்த்தையை முதலில் அவருடைய எழுத்துக்கு மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். யாசீன் உஸ்மான் கெனதித் 1976-ல் தொகுத்த சோமாலி-சோமாலி அகராதிதான் என் தலைமாட்டில் இருந்தது. ஆயினும் வினைச் சொற்கள் அகராதியில் படிப்பது வேறு, சாட்சியின் வாயில் கேட்பது வேறு. விடியலில் புறப்படுவது 'கல்லஹ்'. பிற்பகலில் புறப்பட்டுத் திரும்புவது 'அர்ராப்'. இரவில் பிரயாணம் செய்வது 'கூரே'. குடியோடு பெயர்ந்து போவது 'கூர்'. மந்தை காலையில் மேயப் புறப்படுவதற்கு ஒரு வினை, தண்ணீருக்கு ஓட்டிப் போவதற்கு ஒரு வினை, மாலையில் பட்டிக்குத் திரும்புவதற்கு ஒரு வினை. இவற்றில் எதையும் நான் "போனான்" என்று எழுதினால் இங்கிலீஷில் இலக்கணப் பிழை கிடையாது. ஒரு தடவை, ஊரை விட்டுப் போனதைக் கல்லஹ் என்ற வினையால் சொல்லி முடித்த மேய்ச்சல்காரரைப் பார்த்து வக்கீல், "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மணியைச் சொல்லிவிட்டார். என் மொழிபெயர்ப்பில்தான் அது கொட்டிப் போயிருந்தது.

வயதிலும் இதே கதை. ஏப்ரலில் தொடங்கும் பெருமழைக் காலம் 'கு'. அதன் பின் 'ஹகா'. அக்டோபரில் சிறுமழையாகிய 'தய்ர்'. மார்ச்சு வரையில் எல்லாவற்றையும் வாட்டி எடுக்கும் 'ஜிலால்'. இவற்றை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று இங்கிலீஷ் பெயரிட்டு அச்சிட்ட அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். ஜிலாலைக் குளிர்காலம் என்று எண்ணிக் கம்பளி அனுப்பத் தோன்றும். முதியவர்கள் தங்கள் வயதை இத்தனை கு என்றே எண்ணுவார்கள். பிறந்த தேதி கேட்டால், தபடேர் வருஷத்தில் என்பார்கள். தபடேர் என்றால் நீண்ட வால். 1974-75-ல் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போன பஞ்சத்துக்கு ஜனங்கள் இட்ட பெயர் அது. பள்ளிகளை மூடி, மாணவர்களைப் புதிய எழுத்தைக் கற்பிக்க நாட்டுப்புறத்துக்கு அனுப்பியதும் அதே சமயத்தில்தான். தனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்த பையனுக்குக் கொடுக்கப் பால் இல்லாமல் போனதை ஒரு மூதாட்டி என்னிடம் சொல்லி வருந்தினாள். படிவத்தில் நாளும் மாதமும் நிரப்பியாக வேண்டும். ஆகவே ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். ஒரே குடும்பத்தில் ஏழு பேரும் ஜனவரி முதல் தேதி பிறந்திருப்பதைக் கண்டு சிரிக்கும் குமாஸ்தாக்களை நான் எல்லா ஊரிலும் சந்தித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வேலை மட்டும் எனக்கு விளையாட்டாக இருந்தது. 'டீக்' என்றால் ரத்தம், 'கர்' என்றால் கொதி. ரத்தக் கொதிப்பை அப்படியே கொதிப்பென்று சொல்லும் இன்னொரு ஜாதியாரைக் காண வேறு எங்கே போவது?

வட்டார வழக்கைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வடக்கே டகரம் வருகிற பல இடங்களில் தெற்கே ரகரம் வரும். பெண்ணை ஹர்கேசாவில் 'கபட்' என்பார்கள், மொகதிஷுவில் 'கபர்' என்பார்கள். மோட்டார் வண்டி அங்கே 'காடி', இங்கே 'காரி'. இந்தியிலிருந்து கடல் தாண்டிப் போன வார்த்தை. பிரிட்டிஷ் சோமாலிலாந்தை 1898 வரையில் இந்தியா சர்க்காரே நிர்வகித்து வந்ததையும், அங்கே ரூபாய் செலாவணியில் இருந்ததையும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. தக்காளி வடக்கே 'தமான்டோ', தெற்கே 'யான்யோ'. இத்தாலியர் ஆண்ட தெற்கில் முள்கரண்டி 'ஃபர்கேதோ', கைப்பை 'போர்ஸோ'. இங்கிலீஷில் எழுதியவுடன் கபட்டும் கபரும் ஒரே பெண்ணாகி, பேசியவர் எந்த ஊர் என்பதே மறைந்துவிடுகிறது. சில தேசங்களில் இதற்கு நேர்மாறாக, பேச்சைக் கேட்டே ஊரைத் தீர்மானிக்கச் சொல்லி அபிப்பிராயம் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். 1988-ல் ஹர்கேசா விமானக் குண்டுகளுக்கு இரையாகி ஊரே எதியோப்பிய எல்லைக்கு ஓடிற்று; அதற்கு முன்பும் பின்பும் எத்தனை குடும்பங்கள் எங்கெங்கோ பிள்ளைகளை வளர்த்தன! டகரத்தை வைத்து ஒருவனுடைய விதியை நிர்ணயிக்கும் துணிவு எனக்கு இல்லை.

இரண்டாவது விஷயம் மாய் பாஷை. ஜூபா, ஷபேல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட பிரதேசத்தில், பைதோவாவைச் சுற்றி வழங்குவது அது; 2004-ஆம் வருஷத்துச் சாசனத்திலும், 2012-ன் தற்காலிக அரசியலமைப்பிலும் ஆட்சிமொழியாகிய சோமாலியின் ஓர் அங்கமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 'என்ன சொன்னாய்?' என்பதற்கு மற்றச் சோமாலியர் 'மஹா திரி' என்பார்கள், இவர்கள் 'மாய் திரி' என்பார்கள். அந்த வேறுபாட்டையே இரண்டுக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். எழுத்தில் இவ்வளவு நெருக்கமாகத் தோன்றினாலும், மாய் பேசும் ஒரு தாயின் எதிரில் நான் முதல் முதலாக உட்கார்ந்தபோது, தொண்டையில் பிறக்கும் அந்த இரண்டு ஒலிகளும் இல்லாத அவளுடைய பேச்சு, அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் பாதி பாதியாகத்தான் எட்டியது. மூன்றாவது கேள்வியில் பேனாவை மூடிவைத்து, எனக்கு இந்தப் பாஷை தெரியாது என்று இங்கிலீஷிலும் சோமாலியிலும் சொன்னேன். "சோமாலிதானே?" என்றார் உத்தியோகஸ்தர், சற்று எரிச்சலோடு. அந்தத் தாய் எனக்கு முன் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் தெரியும் என்றே எழுதிக்கொண்டு போனார்களாம். அவர்கள் என்ன எழுதினார்களோ!

கடைசியாகக் கிணறு. ஹர்கேசாவுக்குக் கிழக்கே ஒரு பகல் பிரயாண தூரத்தில், ஆழமான ஒரு பழைய கிணற்றைப் பற்றி இரண்டு 'ரேர்'களுக்குள் விவகாரம். ரேர் என்பது குடும்பமும் ஆகும், குலமும் ஆகும், சேர்ந்து கூடாரமடித்திருக்கிற ஜனங்களும் ஆகும். நான் இடத்துக்கு ஏற்றபடி எழுதித் தப்பித்துக்கொள்ளுவேன். கிணற்றுக்கு யந்திரம் வைத்துக் கொடுக்க முன்வந்த ஸ்தாபனத்தார், முதலில் சமாதானம், பிறகு யந்திரம் என்று சொல்லிவிட்டார்கள். முள் மரத்தடியில் பெரியவர்கள் கூடி, வழிவழியான சம்பிரதாயச் சட்டமாகிய 'ஹேர்'ப்படி மூன்று நாள் பேசினார்கள். கூட்டக் குறிப்பை இங்கிலீஷில் எழுதுவது என் வேலை.

முதல் நாள் ஒரு தரப்பின் மூத்தவர் எழுந்து, அந்தக் கிணற்றை 'ஏல்கேன்னா' என்றார். மறு தரப்பின் மூத்தவர் எழுந்து 'ஏல்கயக' என்றார். 'ஏல்' என்றால் கிணறு. இரண்டுக்கும் இங்கிலீஷில் "எங்கள் கிணறு" என்று பொருள்படும் ஒரே தொடரை எழுதிக்கொண்டேன். வெயிலும் புழுதியும் ஒட்டகங்களின் கூச்சலும், மனம் களைத்திருந்தது. அன்றிரவு விளக்கடியில் குறிப்பைச் செம்மையாகப் பெயர்த்தெழுதும்போதுதான், கை தானாக நின்றது. சோமாலியில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்கிறவனையும் சேர்த்துக்கொள்ளுவது 'இன்னக'. கேட்கிறவனை வெளியே நிறுத்துவது 'அன்னக'. நாம், நாங்கள். முன்னவர் சொன்னது நம் கிணறு. பின்னவர் சொன்னது எங்கள் கிணறு. மூன்று வயதுக் குழந்தையும் தவறாமல் சொல்லும் தமிழை வைத்துக்கொண்டு, அந்த வேற்றுமை இல்லாத ஒரு பாஷையில் எழுதிய பழக்கத்தால், அதைக் கேட்கவும் மறந்துபோனேன். என் தமிழ் எனக்கு உதவியிருக்க வேண்டிய ஒரே இடம் என்று எதையாவது சொன்னால் அதுதான். அங்கு அது தூங்கிவிட்டது, அல்லது நான் அதைத் தூங்கவைத்தேன்.

ஸ்தாபனத்து அதிகாரியை எழுப்பினேன். "இரு தரப்பாரும் கிணற்றைத் தங்களுடையதென்று உரிமை கொண்டாடுகிறார்கள்" என்று சுருக்கம் எழுதி அவர் அதற்குள் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார். ஒருவர் கொண்டாடுகிறார், மற்றவர் பகிர்ந்துகொள்ளுகிறார் என்றேன். ஒற்றை வார்த்தையில் அவ்வளவும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். முதலாமவருடைய பேச்சை, "உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான நம்முடைய கிணறு" என்றும், இரண்டாமவருடையதை, "உங்களுடையதல்லாத எங்கள் கிணறு" என்றும் இங்கிலீஷில் விரித்து எழுதியதைப் பார்த்து, பெரியவர்கள் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் நான் சேர்ப்பதாக அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனாலும் சுருக்கத்தைக் கிழித்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டாம் தரப்பு மூத்தவர் மறுபடியும் ஏல்கயக என்றுதான் பேசினார். நான் முன்போலவே எழுதினேன். பகல் தொழுகை முடிந்து, பால் வந்து, பால் பாத்திரம் கைமாறிக் கைமாறி வட்டம் சுற்றிய பிறகு, அதே கிழவர் மறுபடி எழுந்தார். யந்திரத்துக்கு எண்ணெய் வாங்கும் செலவைப் பற்றித்தான் பேச்சு. நடுவே, குரலை உயர்த்தாமல், எவ்வித அலங்காரமும் இல்லாமல், ஏல்கேன்னா என்றார். எதிர் வரிசையில் கைத்தடியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்த ஒருவர் கீறுவதை நிறுத்தினார். வேறு யாரும் அசையவில்லை.

நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி என் காகிதத்தை எட்டிப் பார்த்து, "காலையிலும் இவர் இதைத்தானே சொன்னார்?" என்று காதோடு கேட்டார்.